சைக்கிள் விடத் தெரியாமல் உலகம் சுற்றக் கிளம்பியவள்!

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு பெரிய நகரம். 1894-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள், அங்குள்ள அரசாங்க மாளிகை முன்பு கூட்டம் கூடியது. சுமார் 500 பேர் இருக்கும்.

கூட்டத்தின் நடுவே ஒரு பெண் நின்றாள். சிறிய உருவம். தரையைத் தொடும் பாவாடை. இடுப்பை இறுக்கிக் கட்டிய உள்கச்சு. பக்கத்தில் ஒரு சைக்கிள்.

அந்தச் சைக்கிளில் அவள் உலகத்தைச் சுற்றி வரப் போகிறாள்! அதைப் பார்க்கத்தான் கூட்டம்.

அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான். ஆனால் மூன்று குழந்தைகளுக்குத் தாய். ஓடி ஆடி விளையாடிப் பழகிய உடம்பு அல்ல. எல்லாவற்றையும்விட வேடிக்கை என்னவென்றால், சில நாள் முன்புவரை அவள் சைக்கிளில் ஏறியதே இல்லை. இரண்டு மூன்று முறை கற்றுக்கொண்டாள். அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பையன்கள் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் தேய விழுந்து எழுந்து, வாரக் கணக்கில் பழகுவார்கள். அந்தப் பழக்கம்கூட இல்லாமல் அவள் உலகம் சுற்றக் கிளம்பினாள்.

அவள் பெயர் ஆனி.

ஏழை வீட்டுப் பெண்

ஆனி பிறந்தது அமெரிக்காவில் அல்ல. ரஷ்ய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த லாட்வியா நாட்டில், 1870-ம் ஆண்டு வாக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி, பாஸ்டனில் குடியேறியது.

1887-ம் ஆண்டில் தகப்பனார் இறந்தார். இரண்டு மாதத்துக்குள் தாயாரும் போய்விட்டார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆனியின் தலையில் விழுந்தது.

மறு வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. கணவன் பெயர் மாக்ஸ் கொப்சோவ்ஸ்கி. தெருத் தெருவாகப் போய்ச் சாமான் விற்பவன். தெய்வ பக்தி உள்ளவன். வீட்டில் இருக்கும் நேரத்தில் வேதப் புத்தகமும் கையுமாக இருப்பான். வருமானம் குறைவு. நான்கு வருடத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன.

குடும்பச் செலவுக்காக ஆனி பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலை செய்தாள். கடை கடையாக ஏறி இறங்கி, பேசிப் பேசி, விளம்பரம் வாங்கி வருவாள். அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. பிறகு உலகம் சுற்றியபோது அவளுக்குச் சோறு போட்டது இந்தப் பேச்சுத் திறமைதான்.

பந்தயம்!

அப்போது அமெரிக்காவில் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. முன் சக்கரம் ஆள் உயரமும், பின் சக்கரம் குட்டியுமாக இருந்த பழைய சைக்கிள் மறைந்து, இரண்டு சக்கரமும் ஒரே அளவாக உள்ள சைக்கிள் வந்துவிட்டது. காற்று அடைத்த ரப்பர் டயரும் வந்துவிட்டது. பெண்களும் சைக்கிள் விட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆண் 1884-ல் புறப்பட்டு, சைக்கிளில் உலகைச் சுற்றிப் புகழ் பெற்றுவிட்டார். ஒரு பெண்ணால் அது முடியுமா? முடியாது என்று பாஸ்டன் பணக்காரர் ஒருவரும், முடியும் என்று இன்னொருவரும் பந்தயம் கட்டினார்கள் என்று கதை பரவியது. பெண் ஒருத்தி 15 மாதத்துக்குள் உலகைச் சுற்ற வேண்டும். வழியில் சொந்த உழைப்பால் 5,000 டாலர் சம்பாதிக்கவும் வேண்டும். வென்றால் அவளுக்கு 10,000 டாலர் பரிசு!

அந்தப் பணக்காரர்கள் யார் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. பந்தயமே ஆனி கட்டிவிட்ட கதையாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். விளம்பரம் பிடிக்கத் தெரிந்தவளுக்குக் கதை கட்டவா தெரியாது?

பந்தயம் பொய்யோ மெய்யோ, பயணம் மெய். புறப்படும்போதே அவள் சம்பாதிக்கவும் தொடங்கிவிட்டாள். லண்டன்டெரி என்ற பெயரில் ஊற்றுத் தண்ணீர் விற்ற ஒரு கம்பெனி, அவளுக்கு 100 டாலர் கொடுத்தது. பதிலுக்கு அந்தக் கம்பெனியின் பலகையைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். தன் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அன்று முதல் உலகுக்கு அவள் ஆனி லண்டன்டெரி ஆனாள். கொப்சோவ்ஸ்கி என்ற யூதப் பெயரை மறைத்தது வழியில் அவளுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது.

மாற்று உடுப்பும், முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒரு கைத்துப்பாக்கியும்தான் மூட்டை. மூத்த குழந்தைக்கு ஐந்து வயது. கடைக்குட்டிக்கு இரண்டு. மூன்றையும் கணவனிடம் விட்டுவிட்டு, ஆனி சைக்கிளில் ஏறினாள்.

நாளைக்குப் பத்து மைல்

அவள் சைக்கிள் கொலம்பியா என்னும் பெயர் கொண்டது. பெண்கள் சைக்கிள். எடை 42 ராத்தல். இன்றைய கணக்கில் 19 கிலோ. நம் வீட்டு அரிசி மூட்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவதுபோலத்தான்.

அதற்கு மேல் அந்தப் பாவாடை. காற்று அடித்தால் பாய் மரம்போல் விரியும். மழை பெய்தால் நனைந்து கனக்கும். உள்கச்சு மார்பை இறுக்கும். மேட்டில் மிதிக்கும்போது மூச்சு வாங்க இடம் இருக்காது. சாலையோ தார் போட்டது அல்ல. மண் சாலை. வண்டித் தடத்தில் சக்கரம் சிக்கும். மழைக்குப் பிறகு இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பாஸ்டனிலிருந்து நியூயார்க், அங்கிருந்து ஆல்பனி, பப்பலோ என்று மேற்கே போனாள். சைக்கிள் சங்கத்தார் அந்தக் காலத்தில் வழிகாட்டிப் புத்தகம் போட்டிருந்தார்கள். எந்தச் சாலை நல்ல சாலை, எங்கே மேடு, எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துப் போனாள். ஊருக்கு ஊர் சைக்கிள் சங்கத்தார் எதிர்கொண்டு வந்து, கூடவே சிறிது தூரம் ஓட்டி வந்து, அடுத்த ஊருக்கு வழி அனுப்பினார்கள். பழகாத கால்களுக்கு அந்தத் துணை பெரிய உதவி.

பாஸ்டனிலிருந்து சிகாகோ நகரம் ஆயிரம் மைலுக்குச் சற்று அதிகம். அங்கே அவள் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 24-ந் தேதி. கிட்டத்தட்ட மூன்று மாதம்! நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் என்று ஆகிறது. நடந்து போனவனே அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பான். உடம்பும் 20 ராத்தல் இளைத்துவிட்டது.

இனி மேற்கே போனால் மலை. மலையில் பனி கொட்டும் காலம் வந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குக் குளிர் காலத்துக்கு முன் போய்ச் சேர வழியே இல்லை. காலம் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிட்டது. உலகத்தில் அவள் கடந்ததோ ஒரு மூலை.

பயணத்தைக் கைவிடுவதாக ஆனி அறிவித்துவிட்டாள்.

பாவாடை போயிற்று

அந்தச் சிகாகோவில்தான் எல்லாம் மாறியது.

அங்கே ஸ்டெர்லிங் என்ற சைக்கிள் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனியின் சைக்கிள் ஒன்று ஆனிக்குக் கிடைத்தது. பார் வைத்த ஆண்கள் சைக்கிள். எடை 21 ராத்தல். பழைய சைக்கிளில் சரி பாதி!

அதில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். இறக்கத்தில் உயிர் கையில் இல்லை, காலில்! ஆனால் மேட்டில் அது இறகுபோல் ஏறியது.

பார் வைத்த சைக்கிளில் பாவாடையோடு ஏற முடியாது. ஆகவே பாவாடை போயிற்று. முதலில் தொளதொளவென்ற கால்சட்டை. பிறகு ஆண்களின் சைக்கிள் உடுப்பே. அந்தக் காலத்தில் ஒரு பெண் கால்சட்டை போட்டுத் தெருவில் வந்தால் குதிரை வண்டி நிற்கும், தலைகள் திரும்பும். ஆனிக்கும் முதலில் கூச்சம்தான். ஆனால் வலித்த உடம்புக்குத் தெரியும், எது சௌகரியம் என்று.

திசையையும் மாற்றினாள். மேற்கே பனி என்றால் கிழக்கே போவோம் என்று வந்த வழியே நியூயார்க் திரும்பினாள். ஜூன் மாதம் விழுந்து விழுந்து ஓட்டியவள், இப்போது நன்றாகவே ஓட்டினாள். மூன்று மாதம் கஷ்டப்பட்டது வீண் போகவில்லை. சாலையே அவளுக்கு வாத்தியாராக இருந்திருக்கிறது.

நவம்பர் 24-ந் தேதி நியூயார்க்கில் கப்பல் ஏறி, டிசம்பர் 3-ந் தேதி பிரான்சில் இறங்கினாள்.

ஒற்றைக் காலில்

பிரான்சில் இறங்கியதுமே தொல்லை. சுங்க அதிகாரிகள் சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கையில் இருந்த பணம் திருட்டுப் போயிற்று. பத்திரிகைக்காரர்கள் இவள் ஆணா பெண்ணா என்று கேலி எழுதினார்கள். ஆனி கலங்கவில்லை. பாரிஸ் நகரில் தங்கி, கூட்டங்களில் பேசினாள். விளம்பரம் பிடித்தாள். சட்டையிலும் கையிலும் காலிலும் கம்பெனிகளின் விளம்பரத் துணிகளைத் தைத்துக்கொண்டாள். நடமாடும் விளம்பரப் பலகையே ஆகிவிட்டாள்!

கடுங்குளிரில் பாரிசிலிருந்து தெற்கே மார்சேல்ஸ் துறைமுகம் நோக்கிக் கிளம்பினாள். சிறிது தூரம் ரயில், மிச்சம் சைக்கிள். வழியில் காலில் காயம் பட்டது. இருந்தும் நிற்கவில்லை. 1895 ஜனவரியில் மார்சேல்ஸ் நகருக்குள் அவள் நுழைந்த காட்சியை அந்த ஊர் மறக்கவில்லை. கட்டுப் போட்ட காலைக் கைப்பிடியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் காலால் மட்டும் மிதித்து வந்தாள். உள்ளூர் சைக்கிள்காரர்கள் சூழ்ந்து வர, தெருவில் ஜனங்கள் கூடி ஆரவாரம் செய்தார்கள்.

கொழும்பில் நின்ற கப்பல்

ஜனவரி 20-ந் தேதி மார்சேல்சில் சிட்னி என்ற கப்பலில் ஏறினாள். அலெக்சாண்டிரியா, கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஹாங்காங், ஷாங்காய் என்று துறைமுகம் துறைமுகமாகப் போய், ஜப்பானில் நாகசாகி, கோபே ஊர்களையும் பார்த்துவிட்டு, மார்ச் 9-ந் தேதி யோகோஹாமாவில் மீண்டும் கப்பல் ஏறினாள். மார்ச் 23-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ!

மார்சேல்சிலிருந்து யோகோஹாமா வரை ஏழே வாரம். கப்பல் நின்ற இடங்களில் இறங்கிச் சைக்கிளில் ஊரைச் சுற்றிப் பார்த்தாள். அங்கங்கே இருந்த அமெரிக்கத் தூதரிடம் வந்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொண்டாள். ஆசியாவில் அவள் செய்த சவாரி அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்கா திரும்பியதும் அவள் சொன்ன கதைகளோ! வங்காளத்துக் காட்டில் ஜெர்மன் ராஜ குடும்பத்தாரோடு புலி வேட்டை ஆடினாளாம். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த யுத்தத்தில் குண்டடி பட்டு ஜப்பானியச் சிறையில் கிடந்தாளாம். கொழும்பில் இறங்கிக் கப்பல் புறப்படுவதற்குள் வங்காளம் போய்ப் புலி சுட்டுத் திரும்ப, அனுமாருக்குத்தான் முடியும்! அன்றைய பத்திரிகைகள் அத்தனையையும் அச்சுப் போட்டன. ஜனங்கள் காசு கொடுத்து வந்து கேட்டார்கள்.

தான் யார் என்பதிலும் அவள் உண்மை சொல்லவில்லை. ஓர் ஊரில் அனாதை என்றாள். இன்னோர் ஊரில் டாக்டருக்குப் படித்தவள் என்றாள். கலியாணம் ஆகாதவள் என்றும் சொல்லிக்கொண்டாள். பாஸ்டனில் அம்மாவுக்காகக் காத்திருந்த மூன்று குழந்தைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் புளுகுகளில் புலி வேட்டையை மன்னிக்கலாம். இதை மன்னிப்பது கொஞ்சம் கடினம்.

பாலைவனமும் பன்றிக் கூட்டமும்

சைக்கிளில் உலகம் சுற்றவில்லை, சைக்கிளோடு சுற்றினாள் என்று அப்போதே சிலர் குறை சொன்னார்கள். ஓரளவு நியாயம்தான். ஆனால் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோ வரை அவள் பட்ட பாடு கதை அல்ல. ஊர் ஊராகப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகைகளில் தேதியோடு செய்தி உண்டு.

ஸ்டாக்டன் என்ற ஊர் அருகே மிரண்டு ஓடிவந்த குதிரை வண்டியில் சிக்கி, சாவின் வாசல்வரை போய்த் தப்பினாள். காயம் ஆறியதும் தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் போய், அங்கிருந்து பாலைவனத்துக்குள் புகுந்தாள்.

அந்த வறண்ட பூமியில் சாலையை நம்ப முடியாது. சைக்கிள்காரர்களுக்கு ரயில் பாதைதான் துணை. பாதை ஓரமாகவே போனால் வழி தவறாது. ரயில்வே ஆட்கள் தங்கும் குடிசையில் தண்ணீர் கிடைக்கும். முள்ளும் கூரிய கல்லும் டயரைக் கிழிக்கும். பஞ்சர் ஆனால் வெயிலில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அரிசோனாவைக் கடந்து, டெக்சாசில் எல்பாசோ நகரம் போனாள். பிறகு வடக்கே திரும்பி நியூமெக்சிகோ வழியாக ஆகஸ்டு 12-ந் தேதி டென்வர் நகரம் சேர்ந்தாள்.

நெப்ராஸ்கா மாகாணத்தில் மழை பெய்து சாலை சேறாகக் கிடந்தது. அங்கே பெரும்பகுதியை ரயிலில் கடந்தாள்.

முடிவு நெருங்கும்போது, அயோவா மாகாணத்தில் ஒரு பன்றிக் கூட்டம் சாலையின் குறுக்கே வந்தது. சைக்கிள் பன்றிகள் மீது மோதியது. ஆனி தூக்கி எறியப்பட்டாள். மணிக்கட்டு முறிந்தது! பாலைவனத்தைக் கடந்தவளைப் பன்றி கவிழ்த்துவிட்டது.

முறிந்த கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் மேலே சென்றாள். செப்டம்பர் 12-ந் தேதி சிகாகோ நகருக்குள் நுழைந்தாள். ஒரு வருடம் முன்பு அவள் தோற்றுப் போனதாக அறிவித்த அதே ஊர். பயணத்தின் வட்டம் அங்கே முடிந்தது.

வீடு

1895 செப்டம்பர் 24-ந் தேதி ஆனி பாஸ்டன் வந்து சேர்ந்தாள். 15 மாதம் முடியச் சில நாள் பாக்கி இருந்தது.

அடுத்த மாதம் நியூயார்க் வேர்ல்டு என்ற பெரிய பத்திரிகை அவள் பயணக் கதையை அவள் வாயாலேயே வெளியிட்டது. பெண் ஒருத்தி செய்த பயணங்களில் இதுபோல் வேறு இல்லை என்று கொண்டாடியது. குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபோனது. ஆனி அதே பத்திரிகையில் சில காலம் கட்டுரைகள் எழுதினாள். பிறகு எழுத்தும் நின்றது. நான்காவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. துணி வியாபாரம் செய்தாள். கடை தீப்பிடித்தது. காப்பீட்டுப் பணத்தை வைத்து வேறு வியாபாரம் தொடங்கினாள். விழுந்தால் எழுந்து மறுபடி ஏறும் பழக்கம் அவளை விடவில்லை.

பிள்ளைகள் வெளியூர் விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்தார்கள். தாயோடு அவர்கள் கூடி இருந்த நாட்கள் குறைவு. மூத்த மகள் வளர்ந்ததும் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள். யூதக் குடும்பத்துக்கு அது பெரிய அடி. தாய் மகள் உறவு அறுந்து போயிற்று. அம்மா சைக்கிள் ஏறிப் போனபோது ஐந்து வயதில் பின் தங்கிய குழந்தை அவள்தான்.

ஆனி 1947-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி காலமானாள். அதற்குள் உலகம் அவளை அடியோடு மறந்துவிட்டது. சொந்தக் குடும்பத்திலேயே அவள் கதை தெரியாதவர்கள் இருந்தார்கள். அவளுடைய அண்ணன் வழிக் கொள்ளுப்பேரன் முறையான பீட்டர் சூட்லின் என்பவர், தம் வம்சத்தில் இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதை வெளியார் சொல்லித்தான் அறிந்தார். பழைய பத்திரிகைகளை ஊர் ஊராகத் தேடி, பொய்யையும் மெய்யையும் பிரித்து, 2007-ம் ஆண்டில் அவள் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.